வெள்ளை விழுந்த கட்டி

தடைக்காலம் அறுபத்தோரு நாள்.
விசைப்படகெல்லாம் உப்பனாற்றில் கட்டிக் கிடக்க
கம்ப்ரஸரை நிறுத்திப் பூட்டிவிட்டு
நான் ஐஸ் பார்க்கப் போனேன்.

கடலூர் முதுநகரே சிரித்தது.
"ஐஸ் கம்பெனி வெச்சிருக்கிற பொம்பள
அஞ்சு லட்சம் கட்டி ஐஸ் பாக்கப் போவுது"
என்றான் லோடு இருசப்பன்
கொக்கியால் முதுகைச் சொறிந்துகொண்டே.
அவனிடம் நான் சொன்னது பாதித் தொகை.

கவுஸ் பாய் மட்டும் வேறு கேட்டார்:
"ராத்திரியே வராதாமே அங்க,
ஷிப்ட் எப்படி மாத்துவான்?"
இருபத்தாறு வருஷ நைட் ஷிப்ட் ஆபரேட்டர்
கேட்க வேண்டிய கேள்விதான்.

மே மாதம், கரண்ட் போன மத்தியானம்,
கம்பளி உள்ளாடையைப் போட்டுப் பார்த்து
கழுத்தெல்லாம் வேர்க்குரு வாங்கினேன்.

கப்பலில் முதல் நாள்
பூட்ஸைக் கழுவினார்கள்,
பைகளின் தையலுக்குள் வேக்குவம் விட்டார்கள்.
வேற்றூர் விதை ஒன்றும் கரையேறக் கூடாதாம்.
என் கைப்பையில் அகப்பட்டவை
இரண்டு வெந்தயம், ஒரு கடுகு,
ஒரு சிட்டிகை தேவனாம்பட்டினத்து மணல்.
மணலை என்ன செய்வதென்று
அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு அதையும் உறிஞ்சிக்கொண்டாள்.

கரடி வந்தது.
எல்லோரும் கேமராவோடு ஒரே பக்கம் ஓடினார்கள்.
வெள்ளை இல்லை அது,
பழைய பல்லின் மஞ்சள்.
எங்களை ஒருமுறை மோந்துவிட்டு
தன் வேலையைப் பார்க்கப் போனது.

நான் பார்த்தது கட்டியை.
எந்தக் கேனிலும் வார்க்காதது,
யாரும் ரம்பம் வைக்காதது.
ஐம்பது கிலோ, நூறு கிலோ என்று
கண்ணாலேயே நிறுத்துப் பழகியவள்
எங்கள் சால்ட் ரோடு நீளத்துக்கு ஒன்று மிதந்து வந்தபோது
வாயை மூடிக்கொண்டேன்.
அம்மோனியா நெடியில்லாத குளிர்.
அதை நம்ப
மூக்குக்கு மூன்று நாள் பிடித்தது.

ரப்பர் படகில் வழிகாட்டி
துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு
தேங்காயளவு துண்டொன்றைத் தண்ணீரிலிருந்து எடுத்தான்.
என்ஜினை நிறுத்தினான்.
கேளுங்கள் என்றான்.

பொரிந்தது.
அவன் கையில் பொரிந்தது,
சுற்றிலும் கடல் முழுக்கப் பொரிந்தது,
எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி.
ஆயிரம் வருஷக் காற்றாம்.
பனியின் பாரத்தில் நசுங்கிக் கிடந்துவிட்டு
இப்போதுதான் வெளியே வருகிறதாம்.

சிரிப்பு வந்தது எனக்கு, கூடவே ஏதோ வெட்கம்.
காற்று எங்களுக்குப் பழுது.
கேனுக்குக் கேன் குழாய் விட்டு
தண்ணீரைக் கலக்கிக் கலக்கித் துரத்துவோம்.
தப்பியது நடுவில் வெள்ளையாக உறையும்.
"வெள்ளை விழுந்திருக்கு, நிக்காது" என்று
படகுக்காரர்கள் விலை குறைப்பார்கள்.
என் கம்பெனியில் இருக்கிற மிகப் பழைய காற்று
முந்தாநாள் காலையினுடையது.

ஜூன் பன்னிரண்டு.
இருமிக்கொண்டே எழுந்தது கம்ப்ரஸர்.
"மணியப் பாத்துதான் மாத்துறாங்க பாய்,
ஜன்னல்ல கறுப்புத் திரை போட்டுத் தூங்குறாங்க" என்றேன்.
தலையாட்டினார், பாவம் என்பது போல.
"அஞ்சாம் வரிசையில மூணாவது கேனுக்கு
காத்துக் குழாய் விடாதீங்க."
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பதினான்காம் தேதி ராத்திரி
துறைமுகம் முழுக்க விளக்கு, டீசல் புகை,
யாரோ யாரையோ திட்டும் சத்தம்.
மூணாவது கேனைக் கவிழ்த்தார்கள்.
கட்டிக்குள் மேலிருந்து கீழ்வரை
ஒரு வெள்ளை இறகு.
கொக்கியை ஓங்கிய இருசப்பனை
"ஒரு நிமிஷம்" என்று நிறுத்திவிட்டு
குனிந்து காதை வைத்தேன்.

கிரஷர் இரைந்தது.
வேறொன்றும் கேட்கவில்லை.
காது மரத்துப் போனது.

"என்ன மேடம், வெள்ளை விழுந்திருக்கு?"
என்றார் படகுக்காரர் தனவீரன்.
"குறைச்சுக்குங்க" என்றேன்.

ஈரக் காதோடு ரசீது எழுதினேன்:
கட்டி நாற்பது.
கழிவு நூறு ரூபாய்.