முழங்கை

நோர்வூட் மைதானத்தில்
நடுவர் மூன்று முறை கையை நீட்டினார்.
நோ பால். வீசவில்லை, எறிகிறாள்.

அன்றிரவே ஜெசிந்தா என் கடைக்கு வந்தாள்.
"கல்யாணம் எடுக்கிற கெமராதானே அண்ணே,
என் முழங்கையை எடுக்காதா?"

முதல் நாள் எடுத்ததில் முழங்கையே இல்லை.
தோளுக்கும் பந்துக்கும் நடுவே
சாம்பிராணிப் புகை மாதிரி ஏதோ இழுபட்டுக் கிடந்தது.
தப்பு என்னுடையது.
மாலை மாற்றும்போது
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறந்து வைப்பேன்.
இதழ் கொஞ்சம் கலைந்தால்
பெண் வீட்டார் அழகு என்பார்கள்.
இவளுக்கு அந்த அழகால் ஆவது ஒன்றுமில்லை.

ஷட்டரை இரண்டாயிரத்துக்கு ஏற்றினேன்.
படம் இருண்டது.
லென்ஸை முழுக்கத் திறந்தேன், போதவில்லை.
ஐஎஸ்ஓவைக் கூட்டினால்
அவள் கை முழுக்கத் தேயிலைத் தூள் அப்பியது.
வெளிச்சம்தான் வேண்டும்.
அதை யாரிடம் கடன் கேட்பது?
காசல்ரீ நீரிலிருந்து ஏறிவரும் மூட்டம்
ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்ப்பதில்லை.

ஐந்து ஞாயிறு சும்மா திரும்பினோம்.
ஒருநாள் முக்காலியை அட்டை ஏறிக் கடித்த என் காலோடு சேர்த்துத் தூக்கி வந்தாள்,
அப்படித்தான் பிறகு சொல்லிச் சிரித்தாள்.

ஆறாவது ஞாயிறு, பத்தேகால்.
மூட்டம் கிழிந்து
ஆடுகளத்தில் மட்டும் வெயில் விழுந்தது.
ஓடு, என்று கத்தினேன்.
பதினொரு பந்து.
பிறகு வானம் கதவைச் சாத்திக்கொண்டது.

ஆட்டோவின் பின்சீட்டில் லெப்டொப்.
ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன்.
பந்தின் தையலை எண்ணலாம்.
அவள் குதிகால் கிளப்பிய நீர்த்துளி
இன்னும் விழவில்லை.
முழங்கை
தூக்கும்போது எவ்வளவு வளைந்ததோ
விடும்போதும் அவ்வளவே.
எட்டு வயதில் கொழுந்து லொறியிலிருந்து விழுந்தது,
ஆஸ்பத்திரியில் அப்படியே கட்டிவிட்ட கோணல்.
நிமிராத கை எப்படி எறியும்?

தம்பியின் கொம்பாஸ் பெட்டியிலிருந்த பாகைமானியைத்
திரையில் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.
அவள் அளவைப் பார்க்கவில்லை.
"இது நானா?"

பந்து விரலை விட்டு நீங்கும் சட்டத்தில்
அவள் கண்கள் இறுக மூடியிருந்தன.
அடுத்த பந்திலும்.
பதினொன்றிலும்.

"அப்ப ஸ்டம்ப யாரு பாக்குறது?"

சங்கத்துக்கு அனுப்புமுன் முகத்தை வெட்டச் சொன்னாள்.
தோள் முதல் விரல் வரை அனுப்பினேன்.
மிச்சத்தை அழிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு
கண்ணைத் திறந்துகொண்டு ஒன்று வீசிப் பார்த்தாள்.

வைட்.