மஞ்சள் வயர்

செற் புதிசு. பெட்டிக்குள் றெஜிபோம், சீன எழுத்து.
கார் ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஒஸ்ரின் ஏ நாற்பது.
இரண்டுக்கும் நடுவில் நான்,
மாங்குளம் சந்தியில், கொதிக்கும் தகரத்தின் கீழ்,
ஸ்ரியரிங்குக்கு அடியில் தலையும்
கதவுக்கு வெளியே காலுமாக.

"கலியாண ஓட்டம்தானே தங்கச்சி,"
விக்கினராசா அண்ணை வாங்கிலிலிருந்து சொல்கிறார்,
"பொம்பிளை மாப்பிள்ளைக்குப் போனிலை பாட்டுப் போடவேணுமாம்.
இல்லாட்டிக் கிளிநொச்சியிலை போய்
வெள்ளைப் பிறியஸ் பிடிக்கினம்."

இந்தக் கார் தலைகீழ்.
மற்றதுகளில் மைனஸ் உடம்புக்குப் போகும்.
இதில் பிளஸ்தான் உடம்பு:
கதவு, மட்கார்ட், சீற்றுக்குள் கிடக்கும் ஸ்பிரிங்
எல்லாமே பிளஸ்.
தெரியாமல் செற்றைப் பூட்டினால்
ஒரு மணம் வரும், நூல்போல் ஒரு புகை வரும்,
பிறகு பதினேழாயிரம் ரூபாய்க்கு
ஒரு கறுப்புப் பெட்டி மிஞ்சும்.

ஆகவே முதலில் பற்றரியைத் திருப்பினேன்.
கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன்.
பிறகு டைனமோ.
அதன் இரும்புக்கு
எது வடக்கு என்று ஒரு பழைய எண்ணம் இருக்கும்.
ஒரு துண்டு வயரால் எஃப் முனையைத் தொட்டு எடுக்கவேண்டும்.
ஒரு நீலப் பொறி.
வடக்கு தெற்காகிவிடும்.
அண்ணை எட்டிப் பார்த்து
"இவ்வளவு சுகமோ?" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் ஸ்குரூ.

டாஷ்போர்ட்டின் பின்னால்
பருத்தி நூல் சுற்றிய பழைய வயரில் ஒரு மூட்டு.
டேப் வராத காலத்தில் ஆரோ
ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரரால் சுற்றியிருந்தார்கள்.
பிரித்துப் பார்த்தேன். முறுக்கு நல்ல முறுக்கு.
அதே பிளாஸ்ரரை அப்படியே திரும்பச் சுற்றினேன்.
மண்ணெண்ணெய் மணத்தது. கையிலா, வயரிலா, தெரியவில்லை.

எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வயர் எடுக்கத்
தகட்டில் ஒரு துளை வேண்டும்.
திரில்லரைக் கையில் எடுத்தபோது
"ஏன் பிள்ளை, கிடக்குத்தானே" என்று
கார்ப்பெற்றைத் தூக்கிக் காட்டினார்.
சுண்டுவிரல் நுழையும் துளை.
விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது,
இடப்பக்கச் சீற்றுக்கு நேரே.

அந்தச் சீற்றில் ஆர் இருந்தது என்று நான் கேட்கவில்லை.
அவர் வயர் யார் என்ன விலை என்று கேட்டார்.
விலையைச் சொல்லிக்கொண்டே
அரத்தால் விளிம்பை உரசினேன்.
கூர் விட்டால் அது வயரை அறுக்கும்,
இன்றைக்கில்லை, ஒரு மாரி கழித்து,
ஒட்டுசுட்டான் றோட்டில், பொம்பிளை மாப்பிள்ளையோடு.
ஒரு ரப்பர் வளையம் எடுத்துப் பொருத்தினேன்.
அளவாக இருந்தது.

கடைசியில் இரண்டு வயர் மிச்சம்.
சிவப்பு, திறப்புத் திருப்பினால் எழும்ப.
மஞ்சள், திறப்பை எடுத்த பிறகும் விழித்திருக்க:
நேரத்தை, ஸ்ரேஷனை, விட்ட பாட்டை
அதுதான் ஞாபகம் வைத்திருக்கும்.
"கலியாணமில்லாத மாதத்திலை
கார் சும்மா நிக்கும். பற்றரியைக் குடிக்குமோ?"
"கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கும் அண்ணை."
"அப்ப அதை விடு."

மஞ்சளின் நுனியை மடித்து, டேப் சுற்றி,
உள்ளே தள்ளிவிட்டேன்.

ஆடியில் திரும்ப வந்தார், பின் லைற் எரியவில்லை என்று.
பின்னேரம் நாலு மணி இருக்கும்.
செற்றில் பன்னிரண்டு இருபத்தாறு.
திறப்புப் போடும்போதெல்லாம் அதற்குப் பன்னிரண்டு மணிதான்.
"பிழையெண்டு சொல்லாதை," என்றார்,
"ஒலுமடுவிலை இருந்து இஞ்சை வர
எனக்குச் சரியா இருபத்தாறு நிமிசம்."

நான் குமிழைக் கழற்றினேன்.
உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தது.