பதினோராவது பதிவு

நர்சிங் வகுப்பு தொடங்க இன்னும் ஒன்பது நாள்.
முப்பது நொடி பேசி அனுப்பச் சொன்னார்கள்,
முகம் தெரிந்துகொண்டு வந்தால் பயம் குறையுமாம்.

பத்து முறை பேசினேன்.
பத்தையும் அழித்தேன்.
முதலாவதில் என் பெயரே என் வாயில் தடுக்கியது.
நான்காவதில் சரளமாக வந்தது:
சேவை, கருணை, சின்ன வயதுக் கனவு.
அத்தனையும் புளுகு.
பதினான்கு வருடம் காட் மீனுக்கு முள்ளெடுத்த கை இது.
ஆலையை மூடினார்கள். அவ்வளவுதான்.

பதினோராவதில் அதையே சொன்னேன்.
தோருன், பூடோ நகரம், முப்பத்தாறு வயது,
வகுப்பிலேயே கிழவி நானாக இருப்பேனோ என்று வயிற்றைக் கலக்குகிறது.
விரல் பின்வாங்குமுன் அனுப்பிவிட்டு
கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் வானம். பத்தரைக்கும் முழுதாய் இருட்டவில்லை.
ஒவ்வொருவராக வந்தார்கள்.

மஞ்சள் திரைச்சீலைக்கு முன்னால் ஐவின்:
ரத்தம் கண்டால் விழுந்துவிடுவானாம்,
ஒருமுறை தன் மூக்கில் வழிந்ததற்கே.

கௌதுகெய்னுவிலிருந்து மாரெத்:
பனியில் மண்டியிட்டுக்
கலைமான் கன்றை இழுத்தெடுத்தவள்.
ரத்தமெல்லாம் பழக்கம்,
தசமப் புள்ளிதான் பயம் என்றாள்.
ஓரிடம் தள்ளி வைத்தால் ஓர் ஆள்.

ஸிக்னே மைக்கைத் திறக்க மறந்திருந்தாள்.
முப்பது நொடியும் உதடு மட்டும் அசைந்தது,
கடைசியில் கையை வேறு விரித்துக் காட்டினாள்.
அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்:
‘அப்படியே எனக்கும்.’

யூஸ்தைன் பேசவில்லை.
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸின் படம்,
சேறு காயாமல்.

முதல் நாள் நடைவழியில்
பெயர் நினைவுக்கு வராமல்
‘மஞ்சள் திரைச்சீலை!’ என்று கத்தினேன்.
‘மீன் முள்!’ என்றான் அவன்.

முதல் பாடம் நாடி.
அவன் மணிக்கட்டில் என் மூன்று விரல்,
சுவரில் நொடிமுள்.
நூற்றுப் பதினாறு.
‘எண்பது என்று எழுதிவிடேன்,’ கெஞ்சினான்.
எழுதவில்லை.
என்னுடையதை அவன் எண்ணினான்.
நூற்று இருபத்திரண்டு.
அதையும் அப்படியே எழுதினான், கொஞ்சம் பெரிதாக.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலி.
யூஸ்தைன் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டு வேளையில்
வாசலில் நாங்கள் கழற்றிப் போட்ட
ஈரக் காலணி வரிசையை மாரெத் படமெடுத்தாள்,
நடுவில் இரண்டைத் தள்ளி
ஒரு ஜோடிக்கு இடம் விட்டு.
அனுப்பினோம்.

பதில் இல்லை.
பார்த்திருக்கிறான்.
இரண்டு மணி பன்னிரண்டுக்கு.