பதினைந்து

ஊட்டியில் ஞாயிறு. பல் மருத்துவர்கள்
இருபத்திரண்டு பேர், ஒரே ஒரு ஹீட்டர்.
அதன் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி.

பயிற்சி தரும் நஸ்ரீன்
என்னைவிடப் பதினோரு வயது இளையவர்.
திரையைப் போடாமலே காகிதம் நீட்டினார்:
டிரமடால் எழுதிய ஒரு சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.
எத்தனை மாத்திரை?
ஏன் அத்தனை?

பதினைந்து என்று எழுதினேன்.
அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

கீழ்க் கடைவாய்ப் பல்
எலும்புக்குள் படுத்துக் கிடந்தது.
ஐம்பது நிமிடம், மூன்று தையல்.
தவராசாவுக்கு வீடு கீழ்க்கோத்தகிரிக்கும் கீழே,
கடைசி பஸ் ஆறரைக்கு.
மறுநாள் எனக்கு விடுமுறை.
நடு ராத்திரியில் வலித்தால் யாரைக் கேட்பார்?
ஐந்தே அதிகம் என்று கைக்குத் தெரியும்.
பல்லுக்கு ஐந்து,
மீதிப் பத்தும்
என் தூக்கத்துக்கு.

இடைவேளையில் வர்க்கி.
கடிக்கும் வாயை எல்லாம்
நாங்கள் உற்றுப் பார்ப்பது தொழில் வியாதி.
'நாம எழுதலேன்னா அடுத்த தெருவுக்குப் போவான்'
என்றார் குன்னூர்க்காரர்.
மறுத்துப் பேச ஒருவர் வாயும் காலியாக இல்லை.

பிறகு பாடம்.
பாராசிட்டமாலும் இபுப்ரூஃபனும் சேர்ந்தால்
பெரும்பாலான பல்வலி அடங்கும்.
வயிற்றுப் புண், சிறுநீரகம், குடி,
தூக்க மாத்திரை, எல்லாம் கேளுங்கள்.
அதற்கு மேல் தேவைப்பட்டால் எண்ணி எழுதுங்கள்,
மூன்று நாளைத் தாண்டாமல்.
வண்டி ஓட்டுகிறவரா என்றும் கேளுங்கள்.

தேயிலை லாரி. எனக்குத் தெரியும்.
கேட்கத்தான் இல்லை.

மாலையில் நடிப்பு.
எனக்கு வந்த அட்டையில் 'நோயாளி'.
கூடலூர் ஷாஜி டாக்டர், மறுக்க வேண்டும்.
வாயைத் திறந்தேன், வந்தது அவர் குரல்:
'அங்கதான் டாக்டரம்மா, அந்தக் குழியிலதான்.
ஒரே ஒரு அட்டை.
இனிமே வர மாட்டேன்.'
ஷாஜி தலையைச் சொறிந்தார், சிரித்தார்,
எழுதிக் கொடுத்துவிட்டார்.
அறையே சிரித்தது.

குழி எப்போதோ மூடியிருந்தது,
ஈறு குழந்தையுடையது போல.
அதைப் பார்த்த பிறகும் இருமுறை எழுதினேன்.
மூன்றாம் சீட்டுக்கு மருந்துக்கடை போஜன்
போன் செய்தார்: 'மேடம், இந்தப் பேரு
நோட்டுல திரும்பத் திரும்ப வருது.'
நாற்காலியில் ஒருவர் வாய் பிளந்து காத்திருந்தார்.
'குடுத்துடுங்க' என்று வைத்துவிட்டேன்.

கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை.
தொட்டபெட்டா தாண்டியதும் பனி
உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது.
மடியில் சான்றிதழும் இருந்தது, நனைந்தது.

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து
அந்த நோட்டைக் காட்டுங்கள் என்றேன்.
போஜன் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புரட்டினார்.
மூன்று வரிகள் என் பெயரில்.
நான்காவது, வேறு டாக்டர்.
எண்ணிக்கை இருபது.
அடுத்த தெரு.

அந்த வரியின் ஓரத்தில் செல் நம்பர்.
அங்கேயே நின்று அடித்தேன்.
என்ன சொல்வதென்று
அந்த இருபத்திரண்டு பேரில் யாருக்கும் தெரியாது.
வாங்க, பேசலாம், அவ்வளவுதான் யோசித்திருந்தேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது.
பின்னால் சாலையில்
மேட்டுப்பாளையம் இறங்கும் லாரி ஒன்று
கியர் மாற்றும் சத்தம்.

எடுக்காதீங்க தவராசா.
ஓட்டிக்கிட்டு இருந்தா
எடுக்காதீங்க.