வல்லை வெளியில் 999983

மீற்றர் கண்ணாடியில் தூசி.
அதற்குள் இரண்டு மடிந்து மூன்று எழும்புகிறது.
சாரதி ரட்ணசோதி வீதியைப் பார்க்கிறார்.

நேற்றிரவே சோதித்துவிட்டேன்,
கரண்ட் போன பிறகு,
காணிக் கந்தோர்க் கடதாசியின் பின்பக்கத்தில்.
ஆயிரத்துக்குள் நூற்றியறுபத்தெட்டு முதன்மை எண்கள்.
ஒவ்வொன்றாலும் வகுத்தேன்.
ஏழுக்கு ஐந்து மீதி.
எண்பத்துமூன்று ஒன்றால் தவறியது,
இருநூற்றைம்பத்தொன்றும் அதே ஒன்றால்.
மெழுகுதிரி முடிகிற நேரம்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு:
எட்டுக் காணாது.
அதற்கு மேல் தேடத் தேவையில்லை.
பெரிய காரணி இருந்தால்
அதன் சின்னச் சோடி முன்னமே பிடிபட்டிருக்கும்.

"எட்டு ரூபா மாத்தில்லை அக்கா,
இறங்கேக்க தாறன்."
நான் ஏன் சிரித்தேன் என்று
கொண்டக்டர் நிமலேசனுக்கு விளங்கவில்லை.

பகா எண் என்றும் சொல்வார்கள்.
எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்,
ஒருவருக்கும் பங்கு கொடாத சொல்.

இனி வரும் பதினாறும் பிளவுபடும்.
பிறகு ஆறு பூச்சியம்;
பூச்சியத்தை எதுவும் மீதியில்லாமல் வகுக்கும்.
அப்போது நான் பருத்தித்துறையில் இறங்கியிருப்பேன்.
பஸ் திரும்பி வரும் வழியில்
மந்திகைக்கு அங்கால் எங்கோ
ஒருவரும் பாராமல் அது நடக்கும்.

ஒரு கிலோமீற்றர்தான் இதற்கு ஆயுள்.
இரண்டு பக்கமும் வெட்டவெளி, உப்புக்காற்று,
சீற்றில் யாரோ வைத்த மீன்கூடை.
மூன்று பாதி மேலே போய்விட்டது.

கண்ணாடியில் என்னைக் கண்டு ரட்ணசோதி கேட்கிறார்,
"என்ன பிள்ளை, ஸ்பீட் கூடவோ?"

ஓம் அண்ணை,
கொஞ்சம் மெல்லப் போங்கோ.