ஏழாவது பாட்டில் ஒரு மூச்சு

கவன்ட்ரி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இந்த வாரம் முழுக்க ஒரே ஆல்பம்.

"இதுவா ஸ்கா? சீனி கூடின தேத்தண்ணி" என்கிறார் எவர்ட்டன்.
கிங்ஸ்டனிலிருந்து தகப்பன் கொண்டுவந்த
இசைத்தட்டுகளுக்கு நடுவே தவழ்ந்தவர்.
போஷெனாவுக்கு ட்ராம்போன் பிடிக்கும்,
பாடுகிறவனைப் பிடிக்காது:
மூக்கடைத்தவன் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறதாம்.
மேற்பார்வையாளர் கேரத் வந்து
சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார்.
அதுவும் ஒரு விமர்சனம்தான்.

என்னையும் கேட்டார்கள்.
கிட்டார் தாளத்தில் விழவில்லை,
தாளம் விட்டுப்போன இடத்தில் விழுகிறது என்றேன்;
விரிப்பை இருவர் மடிக்கையில்
ஒருத்தி உதற
மற்றவள் அரைக்கணம் பிந்தி இழுப்பாளே,
அப்படி.

சொல்லாமல் விட்டது ஒன்று.
ஏழாவது பாட்டில், ட்ராம்போன் எழுமுன்,
யாரோ அவசரமாய் மூச்சு இழுப்பது கேட்கும்.
வெட்டி எறியாமல் விட்டிருக்கிறார்கள்.
மற்றப் பத்துப் பாட்டுகளையும்
அதற்காகத்தான் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று, சரியாக அந்த இடத்தில்,
எவர்ட்டன் உலர்த்தியை நிறுத்தினார்.

துணி சிக்கியதாம்.
இன்றைக்கும் சிக்கியது.