பிளாஸ்கில் வந்தவர்கள்

ஐந்து ஆடுகளும் தென்னாப்பிரிக்காவிலிருந்து
விமானத்தில் வந்தன.
பழுப்புத் தலை, வெள்ளை உடம்பு,
காதுக்குக் காது மஞ்சள் வில்லை.
தாள்களில் எல்லாம் இருந்தது:
எடை, பிறந்த தேதி, எந்த ஊசி எப்போது.
வயிற்றுக்குள் யார் யார் என்று கேட்க
ஒரு கட்டமும் இல்லை.

அக்டோபரில் காஸ் நொயாலில்
புல் என்று எதுவும் கிடையாது.
மலைச்சரிவில் தானாய் முளைத்த அக்காசியா மட்டும் பச்சை.
(தமிழ்நாட்டில் அது சவுண்டலாம். கைபேசி சொன்னது.)
வெட்டிப் போட்டேன். அடித்துப் பிடித்துத் தின்றன.

ஆறாம் வாரம்
முதுகைத் தடவினால் கையோடு முடி வந்தது.
வாயோரம் எச்சில் நூல்.
தொண்டைக்குக் கீழே எலுமிச்சை அளவில் வீக்கம்,
நாலாவதற்கு இன்னும் பெரிசு.
தழை முன்னால் கிடக்க
விலா எலும்பை எண்ணலாம்.
வங்கித் தவணை மட்டும் கொழுத்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் ழான்-ரெனேயின் ஆடுகள்.
என்ன இனம் என்றால் சிரிப்பான்.
அதே மரம், அதே இலை,
வேலிமேல் முன்னங்காலை ஊன்றித் தின்றுவிட்டு
பீப்பாய் மாதிரி நடந்தன.
பொறாமையில் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மருத்துவர் விர்ஜினி அப்பாவு
என் ஆடுகளைத் தொடுமுன் அவன் ஆடுகளைப் போய்ப் பார்த்தாள்.
திரும்பி வந்து,
"உன்னுடையவை தனியாகச் சாப்பிடுகின்றன" என்றாள்.

இலைக்குள் ஒரு விஷம்.
முறிக்க ஆட்டுக்குத் தெரியாது.
தெரிந்தவர்கள் வேறு ஆட்கள்,
அவன் ஆடுகளின் வயிற்றிருட்டில், மூச்சே விடாமல்,
தலைமுறை தலைமுறையாய்
(அவர்களுக்குத் தலைமுறை என்பது ஒரு பகல்)
அந்த விஷத்தையே சோறாக்கி உண்கிறவர்கள்.

ஆடு தழை தின்கிறது என்பது பாதிதான் உண்மை.
ஆடு மெல்லுகிறது, சுமக்கிறது,
இளஞ்சூட்டில் வைத்துக் காக்கிறது.
தின்பது அவர்கள்.
அவர்கள் கழிக்கும் புளிப்பில்தான்
அதற்குச் சூடு, கொழுப்பு, குட்டிக்குப் பால்.
போதாததற்கு அவர்களையும் செரித்துக்கொள்ளும்.
நன்றிகெட்டதனமா, தெரியவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்து புகார் எதுவும் இல்லை.

சனிக்கிழமை, மகளின் ஞானஸ்நான விருந்துக்கு
ழான்-ரெனே ஒன்றை அறுத்தான்.
வயிற்றுப் பையைத் திறந்ததும் ஆவி,
பச்சைக் கூழ்,
புளித்த கரும்புச்சாற்றின் நெடி.
துணியில் பிழிந்து
நான் வனிலா தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்கில்
கழுத்துவரை, காற்றுக்கு இடம் வைக்காமல் நிரப்பினோம்.
காற்று பட்டால் செத்துவிடுவார்களாம்,
நாம் அது இல்லாமல் சாவதுபோல.

நாற்பது அடித் தார்ச்சாலை.
நடுவில் ஒரு கரும்பு லாரிக்காக நின்றோம்.
பிளாஸ்கை அவன் சட்டைக்குள் அணைத்திருந்தான்,
ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு ஆடுகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது.
மற்ற மூன்றும்
ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தே தேறின.
நாலாவதின் கழுத்து டிசம்பரில் வடிந்தது.
புது முடி முதலில் கொஞ்சம் கறுப்பாக வந்தது.

ழான்-ரெனே காசு வாங்கவில்லை.
எந்தச் சரக்குக்கு வாங்குவது என்றான்.
நானும் புது பிளாஸ்க் வாங்கிவிட்டேன்.

காப்பீட்டுத் தாளில்
கால்நடைகளின் எண்ணிக்கை கேட்டிருந்தது.
ஐந்து என்று எழுதுமுன்
பேனா சற்று நின்றது.

தவணை இன்னும் பதினாலு பாக்கி.